ஒரு பீருக்கே எனக்குப் படபடப்பு, குவாட்டர் அடித்தும் மச்சான் அசையவில்லை: என்சைம் குறையா?

கேள்வி இது: “எனக்கு வயது 34. ஊர் மார்த்தாண்டம் பக்கம். கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று வருடத்துக்கு நாலைந்து தடவை ஒரு பீர் குடிப்பேன். பாதி முடிவதற்குள் முகமும் காதும் தீயாய்ச் சுடும், நெஞ்சு படபடக்கும், மூக்கு அடைக்கும். போன மாதம் பல்லுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அரை பீரிலேயே வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டேன். என் மனைவியின் அண்ணன் முழு குவாட்டரை இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பந்தியில் நின்று சோறு விளம்புவார். சீனர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் இருப்பது போல உனக்கும் என்சைம் குறை என்று ஒரு வீடியோவைக் காட்டிக் கேலி செய்கிறார்கள். உண்மையா சார்? கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் சரியாகுமா? டெஸ்ட் உண்டா? அப்புறம், குடியை நிறுத்த ஏதோ ஒரு பொடியை மச்சானுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று அவர் வீட்டில் பேச்சு நடக்கிறது. கொடுக்கலாமா?”

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கக் கூடாது. காரணம் பின்னால் வரும். அதுவரை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

இனி என்சைமுக்கு வருவோம். நான் மருத்துவர் இல்லை. நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தப் பாடத்தின் முதல் பாதியை மட்டும் பனையடியில் படித்தேன், ஏனென்றால் என் தாத்தா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவாமல் கட்டினால் கள்ளு. பாளையிலிருந்து சொட்டும்போது இரண்டும் ஒரே நீர்தான், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் அந்தச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரம் அவற்றை அடக்கிவைக்கிறது. அடக்காவிட்டால் சர்க்கரை படிப்படியாக உடைந்து அசிடால்டிஹைட் என்ற பொருளாகி, அதிலிருந்து ஆல்கஹால் ஆகிறது. அந்தக் கடைசிப் படியை முடித்துக் கொடுக்கும் நொதிக்கு (நீங்கள் சொல்லும் என்சைம்தான் நொதி) ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்று பெயர்.

அதே பெயருள்ள நொதி நம் கல்லீரலிலும் இருக்கிறது. வேலைதான் தலைகீழ். கலயத்தில் அசிடால்டிஹைடு ஆல்கஹால் ஆனது. கல்லீரலில் ஆல்கஹால் திரும்பவும் அசிடால்டிஹைடு ஆகிறது. அங்கிருந்து ஆல்டிஹைட் டிஹைட்ரோஜினேஸ் என்ற இரண்டாவது நொதி அதை எடுத்து அசிடேட்டாக மாற்றும். வினிகரில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. கள்ளை அப்படியே வைத்தால் புளித்துக் காடியாகிறதே, அந்த இரண்டு படியைத்தான் நம் கல்லீரலும் செய்கிறது. அசிடேட் பிறகு தண்ணீரும் கரியமில வாயுவுமாக எரிந்து போகும்.

குடிக்காதவனுக்கும் இந்த நொதி எதற்கு என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நம் குடலில் இருக்கும் நுண்ணுயிர்களே தினமும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டாக்குகின்றன. அது போக, பழுத்து விழுந்து வெடித்துக் கிடக்கும் கூழன் சக்கையின், அதாவது குழைவான பலாப்பழத்தின், பக்கம் போனால் ஒரு வாசனை வருமே, அதிலும் ஆல்கஹால் உண்டு. நமக்கும் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் பொதுவான மூதாதை ஒன்றுக்கு, சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நொதிக் குடும்பத்தின் ஒரு வகையில் ஒரே ஒரு இடம் மாறியது. அந்த ஒரு மாற்றத்தால் ஆல்கஹாலை உடைக்கும் திறன் சுமார் 40 மடங்கு கூடியது. மரத்திலிருந்து தரைக்கு இறங்கி, விழுந்த பழத்தைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்த காலம் அது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். டாஸ்மாக்குக்காக வந்த நொதி இல்லை, சக்கைக்காக வந்தது.

உங்களுக்கு வரும் சூடு, படபடப்பு போன்றவற்றின் பெரும்பங்கு அசிடால்டிஹைடின் வேலை. அது இரத்தத்தில் தேங்கினால் முகத்தில் இரத்தக் குழாய்கள் விரியும், இதயம் வேகமாக அடிக்கும், குமட்டும். சாதாரணமாக அது தேங்காது, ஏனென்றால் இரண்டாவது நொதி வந்த வேகத்திலேயே அதை அள்ளி அனுப்பிவிடும். அப்படியானால் தேங்குவதற்கு இரண்டு வழி: முதல் நொதி மிக வேகமாக இருக்க வேண்டும், அல்லது இரண்டாவது நொதி மந்தமாக இருக்க வேண்டும். கிழக்காசியாவில் இரண்டும் உண்டு.

இரண்டாவது நொதியில் முக்கியமானதை ஏஎல்டிஎச்-2 என்பார்கள். அது நாலு துண்டுகள் கூடி நிற்கும் நொதி. திருவிழாவில் நாலு பேர் தோள் கொடுக்கும் சப்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீனா, ஜப்பான், கொரியா, தைவான் மக்களில் கணிசமானவர்களுக்கு இந்தத் துண்டைச் செய்யும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அம்மா வழியாகவோ அப்பா வழியாகவோ ஒரு மாறிய நகல் மட்டும் வந்தாலும், செய்யப்படும் துண்டுகளில் பாதி பழுது. நாலும் நல்ல துண்டாக அமையும் சப்பரம் பதினாறில் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் குறைந்தது ஒருவர் தோளை இறக்கிவிடுகிறார். அதனால்தான் ஒரு நகல் கெட்டாலே செயல்திறன் பாதிக்கும் கீழே போகிறது. இரண்டு நகலும் கெட்டவர்களுக்கு அந்த நொதி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஒரு கிளாஸ் அவர்களுக்குத் தண்டனை. உலகில் 50 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள். முதல் நொதியின் வேகமான வகையும் அதே மக்களிடம் அதிகம்.

ஆனால் தென்னிந்தியாவில் இந்த ஏஎல்டிஎச்-2 மாற்றம் மிக மிக அரிது. வடகிழக்கில் சில மக்களிடம் உண்டு, இங்கே தேடினாலும் கிடைப்பது கஷ்டம். வேகமான முதல் நொதியும் நம்மிடம் குறைவு. ஆகவே வீடியோ சொன்ன கதை உண்மை, ஆனால் அது குளச்சல் கடற்கரைக்கும் குலசேகரம் மலைக்கும் எழுதிய கதை இல்லை. உங்கள் குடும்பத்தில் யாரும் பர்மா, மலேயா பக்கம் கல்யாணம் செய்து வந்தவர்கள் என்றால் பேச்சு வேறு.

அப்படியானால் உங்களுக்கு என்ன? முதலில் அளவைப் பார்ப்போம். “ஒரு பீர்” என்கிறீர்கள். 650 மில்லி பாட்டில், ஸ்ட்ராங் வகை, 8 சதவீதம் என்றால் அதில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். மச்சானின் குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் சுமார் 61 கிராம். அவருடையது மலை, உங்களுடையது மடு என்று நினைத்திருந்தீர்கள். உண்மையில் நீங்கள் அவருடைய அளவில் மூன்றில் இரண்டு பங்கை, வருடத்துக்கு நாலே தடவை குடிக்கும் உடம்பில், பெரும்பாலும் வெறும் வயிற்றில், பேச்சுச் சூட்டில் மடமடவென்று இறக்குகிறீர்கள். பந்தி போடுவதற்கு முன்னால்தானே இந்த வைபவம் நடக்கும்? வயிற்றில் மரச்சீனியும் மீன்கறியும் இருந்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்கு இறங்குவது தாமதமாகும், ஏற்றமும் மெதுவாக இருக்கும். வெறும் வயிற்றில் அப்படியே சரிந்து இறங்கும்.

இரண்டாவது, மூக்கு அடைக்கிறது என்றீர்களே, அதுதான் என் காதில் பட்டது. அது ஹிஸ்டமின் பக்கம் கையைக் காட்டுகிறது, அலர்ஜியின்போது தும்மலும் அடைப்பும் உண்டாக்கும் பொருள் அது. புளிக்கவைத்த பானங்களில், முக்கியமாகச் சிவப்பு ஒயினிலும் சில பீர்களிலும், ஹிஸ்டமின் இருக்கும். அதைக் குடலில் உடைக்க டையமின் ஆக்சிடேஸ் என்று வேறொரு நொதி உண்டு. சிலருக்கு அது குறைவு. போதாததற்கு ஆல்கஹாலும் அசிடால்டிஹைடும் அந்த நொதியின் வேலையில் குறுக்கே நிற்கும். இதன் அடையாளம் தும்மல், மூக்கடைப்பு, தலைவலி, உடம்பில் சூடு. ஒயினில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் வேறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சைப் பிடிக்கும். பார்லிக்கே அலர்ஜி உள்ளவர்களும் உண்டு. எனவே உங்களுடையது என்சைம் விஷயமாக இருக்கலாம், ஆனால் வீடியோ சொன்ன என்சைம் இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் குடித்தால் மூக்கு அடைக்காது என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த மாத்திரையும் தூக்கம், சரக்கும் தூக்கம். இரண்டையும் கூட்டிக்கொண்டு பைக்கில் ஏறினால் எந்த நொதியும் காப்பாற்றாது. படபடப்பு குடிக்காத நாளிலும் வருகிறது, அல்லது துடிப்பு தாளம் தப்பி அடிக்கிறது என்றால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். குடி ராத்திரிக்குப் பிறகு இதயத்தின் தாளம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மருத்துவர்களுக்குப் பழக்கமானவர்கள்தான்.

பல் மாத்திரைக்கு வருவோம். பல் வலிக்கும் ஈறு வீக்கத்துக்கும் நம் ஊரில் எழுதிக் கொடுப்பதில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை அடிக்கடி இருக்கும். சீட்டை எடுத்துப் பாருங்கள். அதைச் சாப்பிடும்போது குடிக்கக் கூடாது என்பது பழைய எச்சரிக்கை. இரண்டாவது நொதியை அது தடுக்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். 2002-இல் பின்லாந்தில் ஆரோக்கியமான சில ஆண்களுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அசிடால்டிஹைடு ஏறவில்லை. ஆகவே காரணம் தெளிவாகவில்லை, ஆனால் குடித்துவிட்டு மோசமானவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் இருக்கின்றன. மாத்திரை முடிந்து இரண்டு மூன்று நாள் வரை தொடாமல் இருப்பது உத்தமம். உங்கள் அனுபவமே உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

நொதியைச் சந்தேகமே இல்லாமல் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு, அதன் கதை ரப்பர் விளையும் நம் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ரப்பர் பாலைக் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்தும் தொழிற்சாலைகளில் அந்த வேலையை வேகப்படுத்த தையூரம் வகை ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். (மரம் வெட்டிப் பால் எடுப்பவர்கள் பயப்பட வேண்டாம், இது ஷீட்டு ஆலைக்குப் போன பிறகு நடக்கிற சங்கதி.) அமெரிக்காவில் அப்படி ஓர் ஆலையின் மருத்துவர் வில்லியம்ஸ், அங்கே வேலை செய்கிறவர்களால் ஒரு கிளாஸ் பீர்கூடக் குடிக்க முடிவதில்லை என்று 1937-இல் எழுதினார். பத்து வருடம் கழித்து டென்மார்க்கில் ஹால்ட், யாக்கப்சன் என்ற இருவர் அதே குடும்பத்துப் பொருளைப் புழு மருந்தாகச் சோதிக்கத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். விருந்தில் குடித்தபோது முகம் சிவந்து, படபடத்து, நொந்துபோனார்கள். 1948-இல் அதையே குடி நிறுத்தும் மருந்தாக அறிவித்தார்கள். அதுதான் டைசல்ஃபிராம். இரண்டாவது நொதியின் வாயை அடைத்துவிட்டு, குடித்தால் தண்டனை என்று உடம்புக்குக் காவல் வைப்பது அதன் வேலை. சீனரின் மரபணு பிறவியிலேயே செய்வதை மாத்திரை செய்கிறது.

உங்கள் மச்சான் வீட்டில் பேசும் பொடி என்ன என்று எனக்குத் தெரியாது. பொட்டலத்தில் எழுதியிருப்பதையும் நம்ப முடியாது. ஆனால் உண்மையிலேயே “வேலை செய்கிற” பொடி என்றால் அதில் இந்த மாதிரி ஒரு மருந்து இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். டைசல்ஃபிராமை, விஷயம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் இதயத்தையும் கல்லீரலையும் பார்த்த பிறகுதான் ஒருவர் சாப்பிடலாம். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஒரு குவாட்டர் அடித்தால் இரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு கெடும், உயிரும் போகலாம். மருந்தை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் பிடி இருக்கும். பாசத்தில் கலந்து கொடுத்துவிட்டு, மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது டாக்டரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மச்சானின் மனைவி, உங்கள் மைனி, முழிப்பார். அந்த நிலைமைக்கு யாரையும் தள்ள வேண்டாம்.

பழகினால் சரியாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் உங்கள் மச்சானிடம்தான் இருக்கிறது. முதல் நொதி சின்ன அளவிலேயே கைநிறைய வேலை எடுத்துக்கொள்ளும். களியக்காவிளை செக்போஸ்டில் ஒற்றை வரிசையில் லாரி நிற்பது போல. பின்னால் நூறு லாரி வந்து ஹாரன் அடித்தாலும் முன்னால் போவது அதே வேகம்தான். சராசரியாக இரத்தத்தில் 100 மில்லிக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு மணி நேரத்துக்குக் குறையும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். சாயா, எலுமிச்சம்பழச் சாறு, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல், எதற்கும் அந்த வரிசை அசையாது. தினமும் குடிக்கிறவர்களுக்கு மட்டும் கல்லீரல் ஒரு குறுக்குச் சாலை திறந்துவிடும். சிஒய்பி-2இ1 என்று இன்னொரு நொதி பெருகி, கொஞ்சம் லாரிகளைத் திருப்பிவிடும். ஆனால் மச்சான் நிற்கிற நிலை அதனால் வந்தது கொஞ்சம்தான். மீதி மூளை பழகிப்போனது. இரத்தத்தில் அளவு அதேதான். மூளைதான் தள்ளாடாமல் நடிக்கக் கற்றுக்கொண்டது.

கணக்குப் போட்டே பாருங்கள். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் ராத்திரி 11 மணிக்கு ஒரு குவாட்டர் முடிக்கிறார். இரத்தத்தில் 100 மில்லிக்கு 130 மில்லிகிராம் வாக்கில் ஏறும். வளைகுடாவுக்குப் போகிற தம்பியைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட விடிகாலை 5 மணிக்குக் காரை எடுக்கிறார். ஆறு மணி நேரம், மணிக்கு 15; இன்னும் 40 பாக்கி. சட்டத்தின் வரம்பு 30, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே 30. அவர் தூங்கி எழுந்து, குளித்து, திருநீறோ சிலுவையோ போட்டு, தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று சத்தியம் செய்வார். பாறசாலையில் ஊதச் சொன்னால் மெஷின் வேறு சொல்லும்.

இந்தத் “தாங்குகிற” குணத்தை நம் ஊரில் ஆண்மைக்குச் சேர்த்துவிட்டோம். அமெரிக்காவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர், இளவயதில் குடிக்கு உடம்பு குறைவாக எதிர்வினை காட்டுகிறவர்கள் பிற்காலத்தில் குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று பல வருடம் பின்தொடர்ந்து காட்டினார். புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை: உங்களுக்கு அரை பாட்டிலில் மணி அடிக்கிறது, நிறுத்துகிறீர்கள். அவருக்கு மணி அடிப்பதே இல்லை. எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை.

மணியைக் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் ஒரு சாட்சி. அந்த ஒற்றை நகல் கெட்டவர்கள் இயல்பாகவே குடியிலிருந்து ஒதுங்கி இருந்தார்கள். குடிநோய் சிகிச்சைக்கு வந்தவர்களில் அவர்களின் பங்கு 1979-இல் 2.5 சதவீதம். 1992-இல் 13 சதவீதம். பதின்மூன்று வருடத்தில் மரபணு மாறாது. மாறியது அலுவலகம் முடிந்து மேலதிகாரியோடு குடித்தே ஆக வேண்டும் என்ற வழக்கம். உடம்பு எரிய எரியப் பழகிக்கொண்டார்கள். எரிச்சல் கொஞ்சம் மரத்துப்போகும், நொதி வளராது. தேங்கிய அசிடால்டிஹைடு தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் போய் அங்கே மரபணு இழையைக் குத்திக்கொண்டே இருக்கும். குடியோடு வரும் அசிடால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. முகம் சூடாகியும் தொடர்ந்து குடிக்கிறவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்பது கிழக்காசியாவில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஆகவே பழகாதீர்கள், தம்பி. காரணம் எதுவாக இருந்தாலும்.

மச்சானின் உள்ளே நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு நொதிகளும் வேலை செய்யும்போது என்ஏடி என்ற துணைப்பொருளைச் செலவழித்து அதன் இன்னொரு வடிவத்தைக் குவிக்கின்றன. அந்தக் குவியல் கல்லீரலின் மற்ற கணக்கையெல்லாம் குழப்பிவிடும். கொழுப்பு எரியாமல் அங்கேயே படியும்; யூரிக் அமிலம் வெளியேறாமல் கால் பெருவிரல் வீங்கும்; பட்டினி நேரத்தில் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கும் வேலை நின்றுவிடும். கடைசியாகச் சொன்னது மிக ஆபத்து. எங்கள் தெருவில் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒருவர், மதியம் சாப்பிடாமல் குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்தார். வாசனை அடித்ததால் “தண்ணியில கிடக்கான்” என்று எல்லாரும் தாண்டிப் போனார்கள், நானும் ஒருமுறை தாண்டித்தான் போனேன். திரும்பி வரும்போது உடம்பெல்லாம் வியர்த்துச் சில்லிட்டிருந்ததைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனோம். சர்க்கரை முப்பதில் இருந்தது. குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து என் பெயரைச் சொன்னார்.

அந்தக் குறுக்குச் சாலை நொதி, சிஒய்பி-2இ1, இன்னொரு வம்பும் செய்யும். பாரசிட்டமாலின் ஒரு பகுதியை அது கல்லீரலுக்கு நஞ்சான பொருளாக மாற்றும். சாதாரண ஆளுக்கு அந்த நஞ்சை அடக்க கையிருப்பு உண்டு. தினமும் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவருக்கு நொதி அதிகம், கையிருப்பு குறைவு. காலையில் தலைவலி என்று இரண்டு இரண்டாக நாள் முழுக்க விழுங்கினால் பிரச்சினை. மச்சானிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

பெண்களுக்கு அதே அளவு அதிகம் ஏறும். உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு என்பதுதான் முக்கியக் காரணம், இரைப்பையிலேயே கொஞ்சம் உடைக்கும் நொதியும் அவர்களுக்குக் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

முதல் நொதி நல்லது செய்யப் போய்க் கொல்லும் இடம் ஒன்று உண்டு. மெத்தனால் என்பது ஆல்கஹாலின் சின்னத் தம்பி. அதுவாக இருக்கும்போது பெரிய விஷமில்லை. கல்லீரல் அதையும் சாராயம் என்று எண்ணி உடைக்கிறது. வருவது அசிடால்டிஹைடு அல்ல, ஃபார்மால்டிஹைடு. பிறகு ஃபார்மிக் அமிலம். அது கண் நரம்பைக் கொல்லும், இரத்தத்தைப் புளிக்க வைக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது இந்த வழியில்தான். உடைய நேரம் பிடிப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு பிசையும். ஆஸ்பத்திரியில் ஃபோமெபிசோல் என்ற மருந்தால் அந்த நொதியை நிறுத்துவார்கள், இல்லாத இடத்தில் அளந்து எத்தனாலையே கொடுப்பார்கள். நொதிக்கு எத்தனால் மேல்தான் பிரியம் அதிகம், அதைப் பிடித்துக்கொண்டு மெத்தனாலை விட்டுவிடும், அது சிறுநீரிலும் மூச்சிலும் மெல்ல வெளியேறும். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் வைத்தியம் பார்க்க வேண்டாம். அந்த அளவைக் கணக்குப் போட இரத்தப் பரிசோதனை வேண்டும், டயாலிசிஸும் பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

டெஸ்ட் கேட்டீர்கள். மரபணுச் சோதனை இருக்கிறது, காசைக் கொடுத்தால் எடுப்பார்கள். உங்களுக்கு அதில் “இல்லை” என்றுதான் பெரும்பாலும் வரும், அதனால் உங்கள் மூக்கடைப்பு போகாது. அந்தக் காசில் மச்சானுக்குக் கல்லீரல் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எடுக்கலாம். இரத்தத்தில் கல்லீரல் என்சைம் அளவு நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் ஸ்கேனில் கொழுப்பு தெரியலாம், எனவே ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மார்தட்ட வேண்டாம். குடித்தாலும் ஏறாது, காலையில் தெளிவு என்று ஆன்லைனில் விற்கும் மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பர்ஸை மூடச் சொல்லியிருப்பேன்.

பொடிக்குப் பதிலாக என்ன செய்வது என்று மைனி கேட்பார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடியை விட உதவும் வேறு மாத்திரைகளும் உண்டு, ஆசையைக் குறைப்பவை, டைசல்ஃபிராம் போலத் தண்டிப்பவை அல்ல. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வீட்டில் எல்லாரும் கூடி, கோயில் முன்னால் சத்தியம் வாங்கி, அன்றோடு நிறுத்தச் சொல்வது சினிமாவில் நன்றாக இருக்கும். தினமும் குடிக்கிற மூளை திடீரென்று சரக்கு நின்றால் இரண்டு மூன்று நாளுக்குள் கொந்தளிக்கும்: நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் குழப்பம். அப்படிப்பட்டவரை மருத்துவர் பார்வையில், தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் மருந்தோடும்தான் இறக்க வேண்டும். அவர் அந்த வகையா, கல்யாண வீட்டில் மட்டும் குவாட்டர் அடிக்கிறவரா என்பது நீங்கள் எழுதியதில் இல்லை. அடுத்த தடவை அங்கே போகும்போது கொஞ்சம் காலையிலேயே போங்கள். முதல் சாயா குடிக்கும்போது டம்ளர் பிடித்த கை நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.